பதில் தட்டல்

காலையிலிருந்து கோழிகள் தரையில் இறங்கவில்லை.

ஹிலாரஸ் கூண்டைத் திறந்துவிட்டு ஒரு கை பார்லி இறைத்தான். கோழிகள் வெளியே வந்து மண்ணில் ஒரு முறை கால் வைத்துப் பார்த்தன. பிறகு இறக்கையடித்துக்கொண்டு விறகுக் கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டன. இரை கீழேயே கிடந்தது. சேவல் மட்டும் கழுத்தை ஒருபக்கம் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, உள்ளே புழு நெளிவதைப் பார்ப்பதுபோல.

"பருந்து ஏதும் சுத்துதாய்யா?" என்று வீட்டுக்குள்ளிருந்து மனைவி செவேரா கேட்டாள்.

வானத்தில் ஒன்றுமில்லை. "ஆமா," என்றான்.

உரோமை நகருக்கு வெளியே, சலாரியா சாலையோரம், மண்ணுக்கடியில் பிணக்குழி வெட்டுவதுதான் அவனுக்கும் தம்பி வித்தாலிசுக்கும் பிழைப்பு. கிறிஸ்துவை நம்பிச் செத்தவர்களுக்கான குழிகள். வெட்டுகிறவர்களும் நம்புகிறவர்கள்தான். மென்பாறையைக் குடைந்து ஒரு நடைவழி, அதன் இரண்டு சுவரிலும் அடுக்கடுக்காகப் பொந்து, பொந்துக்கு ஒரு பிணம். வெயில் பார்க்காத வேலை. விளக்குப் புகையில் மூக்குச்சளிகூடக் கறுப்பாகத்தான் வரும். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து குடைந்து நடுவில் சேர வேண்டுமென்றால், ஒருவன் கொத்தும் குந்தாலிக் காம்பால் பாறையில் மூன்று தடவை தட்டுவான். எதிர்ப்பக்கத்துக்காரன் மூன்று தடவை பதில் தட்டவேண்டும். பாறைக்குள் கிழக்கு மேற்கு கிடையாது; பதில் தட்டல்தான் திசை. வாயில் ரொட்டி இருந்தாலும், சண்டை போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் இருந்தாலும், தட்டினால் பதில் தட்டியே ஆகவேண்டும். தட்டாமல் விடுகிறவனுக்கு அந்தத் தொழிலில் யாரும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள்.

திராட்சை பறித்து முடித்த சமயத்தில் அது நடந்தது. கல்லறைகளுக்குப் போகக்கூடாதென்று அரசன் ஆணை போட்டிருந்தான். இவர்கள் போனார்கள். முந்தைய வருடம் தலை வெட்டுப்பட்டுச் செத்த ஒரு பெண்ணின் நாள் அது. செத்த நாளைத்தான் இவர்கள் பிறந்தநாள் என்பார்கள், மேலுலகில் பிறந்த நாள். ரொட்டியும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, நாற்பது பேர் இருப்பார்கள், உள்ளே இறங்கினார்கள். வித்தாலிஸ்தான் முன்னால் விளக்குப் பிடித்துப் போனான். பின்னாலேயே வந்த சிப்பாய்கள் படிவழியைக் கல்லால் அடைத்தார்கள். அடைத்துவிட்டு, வெளியே மண் கொட்டிக்கொண்டிருந்த ஹிலாரசைப் பிடித்தார்கள்.

"வேற ஓட்டை எங்கடா இருக்கு?" என்றான் அவர்களின் தலைவன்.

ஹிலாரஸ் இல்லையென்று தலையாட்டினான்.

"மேட்டுக்கு அந்தாண்ட புகை வருதே, உன் வீடா? உள்ள யாரு?"

"பெண்டாட்டி. ஏழு மாசம்."

"கூட்டிட்டு வரச் சொல்லட்டுமா? உள்ள இன்னும் எடமிருக்கு."

கொடித்தோட்டத்துப் புதருக்குள் மறைந்திருந்த வெளிச்சக் கிணற்றை ஹிலாரஸ் காட்டிக்கொடுத்தான். நடைவழிக்குக் காற்றும் வெளிச்சமும் இறங்குகிற ஒரே துளை. மண் கூடையை அவன் கையிலேயே கொடுத்துத் துளையை மூடச் சொன்னார்கள். முதல் கூடை விழுந்தபோது கீழே பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கழித்து இருமினார்கள். அப்புறம் குழந்தைகளின் சத்தம் நின்றது. கிணறு நிரம்புவதற்குச் சற்று முன்னால், அடியிலிருந்து மூன்று தட்டு கேட்டது. தட்டுவது யாரென்று அவனுக்குத் தெரியும். அடுத்த கூடையைக் கவிழ்த்தான்.

சிப்பாய்கள் படிவழியை அடைத்தார்கள் என்றுதான் செவேராவிடம் சொன்னான். அதற்குமேல் சொல்லவில்லை. சிப்பாய்கள் அங்கே போட்டிருந்த காவல் எடுக்கப்பட்டபோது கிணற்று மண்ணில் புல் முளைத்திருந்தது.

இப்போது சாலையில் பனி விழத் தொடங்கிவிட்டது. சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இந்தக் குளிரில்தான். முதலில் தூரத்தில், சாலைக்கு அடியில். இரண்டு கொத்து, ஓர் இழுப்பு. இரண்டு கொத்து, ஓர் இழுப்பு. வித்தாலிசுக்கு இடது தோள் இறங்கியிருக்கும். மூன்றாவது வீச்சு அவனுக்கு எப்போதும் இழுத்துக்கொண்டுதான் வரும். கொஞ்ச நேரம் குடையும். பிறகு மூன்று தட்டு. பிறகு அமைதி. அந்த அமைதியில்தான் ஹிலாரசுக்கு வியர்க்கும். கை தானாக எழும்பும். அதைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்வான். பதில் கிடைக்காததால் சத்தம் வழி தப்பி அலைந்தது. ஒருநாள் சாலைக்கடியில், ஒருநாள் ஓடைப்பக்கம், ஒருநாள் மறுபடி தொலைவில். அலையட்டும் என்று வேண்டிக்கொண்டான். யாரிடம் வேண்டுவதென்றுதான் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பக்கத்துத் தோட்டக்காரன் மாசேர் வேலியருகே வந்து நின்றான். அவன் பழைய சாமிகளைக் கும்பிடுகிறவன். நல்லவன்தான், வாய்தான் நீளம்.

"என்னப்பா குழிவெட்டி! உன் தொழில் இப்ப என் தோட்டத்துல நடக்குது. ஒரு வரிசை முட்டைக்கோஸ் அப்படியே உள்ள போயிடுச்சு, தலையக் காணோம்."

"எலி குடைஞ்சிருக்கும்."

"எலியா? எலி மூணு மூணா தட்டுமாடா? என் வீட்டுக்காரி யாரோ வந்துட்டாங்கன்னு போய்ப் போய்க் கதவைத் திறக்குறா." மாசேர் தொப்பை குலுங்கச் சிரித்தான். "உங்காளுங்கதான் செத்தாலும் எந்திரிப்பாங்களாமே. எந்திரிக்கட்டும், நான் வேணாங்கல. கோசுக்கு யாரு பதில் சொல்றது?"

"மூணு மூணாவா?"

செவேரா வாசலில் நின்றிருந்தாள். கையில் மாவு. ஹிலாரஸ் அவள் முகத்தைப் பார்த்தான். அவளுடைய அப்பனும் குழிவெட்டிதான்.

"அவன் கெடக்கான் புள்ள, குடிச்சிருக்கான். நீ உள்ள போ," என்றான்.

அவள் உள்ளே போனாள். இவன் கோழிகளைப் பிடித்து அடைக்கப் பார்த்தான். அவை விறகின் மேல் நகம் பதித்துக்கொண்டு கையைக் கொத்தின. அப்போது கால் அடியில் லேசாக அதிர்ந்தது. இரண்டு கொத்து, ஓர் இழுப்பு. தோட்டத்தில் இல்லை. வீட்டை ஒட்டி. பிறகு மூன்று தட்டு.

வீட்டுக்குள்ளிருந்து, தெளிவாக, நிதானமாக, மூன்று பதில் தட்டல்.

உள்ளே ஓடினான். செவேரா நிறைமாத வயிற்றைத் தாங்கியபடி மண்தரையில் மண்டியிட்டிருந்தாள். கையில் உலக்கை. கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடி பண்ணுன?"

"தட்டுனா தட்ட வேணாமா? உனக்கென்ன காது அடைச்சுப் போச்சா? தம்பிய்யா! நம்ம வித்தாலிஸ் தம்பி! உயிரோட இருக்கான்!"

"இத்தனை நாளா எப்படி இருப்பான்..."

"கீழ ஊத்துத் தண்ணி இருக்குன்னு நீதானே சொல்லுவ? பொந்துல வெச்ச ரொட்டி இருக்கும். வெளிச்சக் கிணறு வழியா காத்து வந்திருக்கும்ல? அது எங்க இருக்குன்னு அந்தத் தடியனுங்களுக்கு எப்படித் தெரியும்? நீயும் தம்பியும் தவிர யாருக்குத் தெரியும்?"

ஹிலாரஸ் வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால் அவள் உலக்கையைக் கீழே வைத்துவிடுவாள். ஒரே ஒரு வார்த்தை. அவள் சிரித்த முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தம்பியை அவனுக்கே திருப்பித் தருகிறவள்போல.

கீழே சத்தம் திரும்பியது. இப்போது அலைச்சல் இல்லை. நேராக வந்தது. இரண்டு கொத்து, ஓர் இழுப்பு. இரண்டு கொத்து, ஓர் இழுப்பு. எந்தக் குழிவெட்டியும் இருபது வீச்சுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவான். கேட்டுக்கொண்டே நின்றான் ஹிலாரஸ். இது நிற்கவில்லை. மூச்சே வாங்கவில்லை.

"பேய் மாதிரி நிக்காத, விளக்கைப் பொருத்து," என்று சொல்லிக்கொண்டே செவேரா மூலையில் கிடந்த அவனுடைய குந்தாலியை எடுத்தாள்.

"வேணாம் புள்ள. சொன்னா கேளு."

"ஏன் வேணாம்? சொல்லு, ஏன்?"

விளக்கைப் பொருத்தினான். அதுதான் அவனால் முடிந்தது. அவள் வயிறு இடிக்க இடிக்கக் கொத்தினாள். மேல்மண் பெயர்ந்தது. அடியில் ஈரமண். அடியில் இன்னொருவன் கொத்துவது. மேலேயும் கீழேயும். ஒரே தாளத்தில்.

ஒரு கை அகலத்துக்குத் தரை உள்வாங்கியது.

பிண நாற்றம் வருமென்று மூச்சை அடக்கினான். ஒன்றும் வரவில்லை. வெளியே எதுவுமே வரவில்லை. உள்ளேதான் போனது. விளக்குச் சுடர் துளையை நோக்கிச் சாய்ந்தது. தரையில் கிடந்த உமி நகர்ந்தது. கோழி இறகொன்று உருண்டு போய் உள்ளே விழுந்தது. வீட்டிலிருந்த காற்றையெல்லாம் இருட்டு இழுத்தது. நீளமாக. நாற்பது நெஞ்சு சேர்ந்து இழுப்பதுபோல.

விடவேயில்லை.

"பாவம், மூச்சுக்கு எப்படித் தவிக்குதுங்க," என்றாள் செவேரா. பக்கவாட்டில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, கையைத் தோள்வரை உள்ளே விட்டாள்.

"செவேரா. கையை எடு."

"கிடைச்சிட்டான்! பிடிச்சுக்கிட்டான்யா. அய்யோ, எப்படிச் சில்லுன்னு இருக்கு. தண்ணி கொண்டா." சிரித்தாள். "இது அன்னைக்கு உள்ள போன ரெதெம்ப்தா அக்கா. இந்த வளையல் தெரியாதா எனக்கு. எல்லாரும் இருக்காங்கய்யா. இது ஒரு சின்னக் கை, பாரேன், என் விரலைப் பிடிச்சுக்கிச்சு..."

"எடுடி கையை!"

"மெதுவா, மெதுவா. எல்லாரும் ஒரே நேரத்துல பிடிச்சா எப்படி..."

அப்புறம் அவள் பேசவில்லை.

ஹிலாரஸ் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. வேர் பிடித்த மரம்போலக் கிடந்தாள். அவள் கூந்தல் இழை இழையாகத் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்கள் அவனைப் பார்த்தன. சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. யாரோ மெதுவாக ஒன்றைச் சொல்ல, கடைசி வரை கேட்டு முடித்தவளின் கண்கள்.

"சொல்ல நெனச்சேன்," என்றான். "உனக்காகத்தான் புள்ள. உனக்காக."

அவள் வாய் திறந்தது.

மண் வந்தது.

காய்ந்த மண். உதட்டோரம் வழிந்தது. கன்னத்தில் குவிந்தது. விரலை விட்டு அள்ளினான். மறுபடி நிறைந்தது. இரண்டு கையாலும் அள்ளினான். தொழில் தெரிந்த கை. அள்ள அள்ள வந்தது. பக்கத்தில் குவியல் முழங்கால் உயரம் ஆயிற்று. அள்ளினான். செவேராவின் கண்கள் இமைக்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.