சிமெண்ட் பூசிய அறை

லட்லோ ஊரின் பிராட் வீதியில் காரை நிறுத்தும்போதே ரொவீனாவுக்கு வயிறு எரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பிறந்த வீட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஜார்ஜ் மன்னர்கள் காலத்துச் செங்கல் முகப்பு, ஒரே அளவில் வரிசை பிடித்த வெள்ளைச் சட்ட ஜன்னல்கள், வாசல் கதவுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி. ஊர் பார்க்க வருகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். அந்த முகப்பு பிற்பாடு ஒட்டிய முகமூடி. உள்ளே இருப்பது அதைவிட மூத்த மரச்சட்ட வீடு. சுவரெல்லாம் களிமண், சுண்ணாம்பு, குதிரைமயிர். அங்கே பிறந்து வளர்ந்த தம்பி கிளைவுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரிந்தேதான் செய்திருக்கிறான், படுபாவி.

கதவைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. நனைந்த நாயைக் கட்டிப்போட்ட அறை மாதிரி.

"சிமெண்டாடா பூசின?" அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "இது பழமைச் சின்னம்னு பாதுகாக்குற வீடு. கை வைக்கிறதுக்கு முன்னாடி கவுன்சில்ல கேக்கணும்னு உனக்குத் தெரியாது?"

"வெளிய தொட்டாதானே கேப்பாங்க? உள்ள எவன் வந்து எட்டிப் பாக்கப்போறான்?" கிளைவ் தேநீரை உறிஞ்சினான். "சுவர் உதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு ரோ. இப்ப அப்பா ரூமைப் போய்ப் பாரு, வழவழன்னு இருக்கு."

"சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும்னு இந்த ஊர்ல கொத்தனார்லேருந்து பால்காரன் வரைக்கும் சொல்றானே, உன் காதுல விழலையா? ஈரத்தை வாங்கும், வெளிய விடும். அது மேல சிமெண்டை அப்பினா மூக்கையும் வாயையும் பொத்தின மாதிரிடா!"

"அடடா, மூச்சு வேற விடுதா? ஆஸ்துமா ஏதாச்சும் இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டலாமா?"

ஓங்கி ஒன்று விட்டிருப்பாள். அதற்குள் மாடியிலிருந்து இருமல் கேட்டது.

அப்பா ஆம்ப்ரோஸ். சிமெண்ட் பூசிய வாரம் அவருக்குப் பிடித்தது இந்த இருமலும் மூச்சிரைப்பும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாமலா மனிதர் இப்படி நாளுக்கு நாள் கரைவார்? இன்று அவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டாவது போய்விட வேண்டுமென்றுதான் அவள் வந்தாள். இன்னும் சில நாள் இங்கே கிடந்தால் பிழைக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

மாடி அறையில் மழைநாள் மதியத்தின் மங்கல் வெளிச்சம். கணப்பில் கரி எரிந்துகொண்டிருந்தது. அப்பாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"எழுந்திரிங்கப்பா. போலாம்."

"விட மாட்டேங்குதும்மா."

"யாரு? கிளைவா?"

அவர் தலைமாட்டுச் சுவரைக் கண்ணால் காட்டினார். "நான் விடுற மூச்சை... அது இழுத்துக்குது. எனக்குத் திருப்பித் தர மாட்டேங்குது."

புலம்புகிறார் என்று நினைத்துத்தான் அவள் சுவரில் காதை வைத்தாள்.

அப்பா மூச்சை விட்டார்.

சுவர் மூச்சை இழுத்தது.

மெதுவாக, நீளமாக, தொண்டையில் சளி கட்டியவர் இழுப்பது போல. கணப்பில் மேலே எழ வேண்டிய தீ நாக்குகள் சுவர்ப்பக்கம் சாய்ந்தன. ஜன்னல் திரையும் அந்தப் பக்கமே இழுபட்டது. வாடை கூடியது. ரொவீனாவின் காது அடைத்தது.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?" கிளைவ் உள்ளே வந்தான்.

அவன் பின்னால் கதவு அறைந்து மூடியது. அவன் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. சுவருக்குள்ளேயிருந்து யாரோ உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது போல நின்றது.

அப்பாவின் நெஞ்சு உள்வாங்கியது. மறுபடி எழவில்லை.

ரொவீனா கணப்புக் கம்பியை எடுத்தாள்.

"ஏய், ஏய்! இப்பதான் பூசியிருக்கு, பைத்தியமா உனக்கு?" அப்பன் சாகக் கிடக்கிறான், இவன் பூச்சு கெட்டுவிடும் என்று பதறுகிறான். ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான்.

அவளுக்குப் பயமெல்லாம் பறந்துபோயிற்று. வந்ததெல்லாம் கோபம்தான்.

"எங்க அப்பா உனக்கு என்ன பண்ணார்?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "உன் வாயைப் பொத்தினவன் இதோ நிக்கிறான்! வேணும்னா இவனைப் பிடிச்சுக்கோ! அவரை விடு!"

அவன் தோளுக்குப் பக்கத்தில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். சிமெண்ட் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுத்து ஊறிய பழைய சுண்ணாம்பு, அதில் ஒட்டிய மயிர், அதிலிருந்து ஒரு பெருமூச்சு. முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

கதவு தானாகத் திறந்தது.

அப்பா வாய் நிறையக் காற்றை இழுத்து, "யம்மா" என்றார். அவரைத் தோளில் சாய்த்து ரொவீனா படியிறங்கினாள். கிளைவ் பின்னாலேயே ஓடிவந்து வாசல் கதவைப் பூட்டினான். அவன் பேச்சு மூச்சே இல்லாமல் வந்ததை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அப்பா அவள் வீட்டில் அன்றே ஒரு கிண்ணம் சூப் குடித்தார். மறுநாள் உப்பு போதவில்லை என்று சண்டைக்கு வந்தார். மூச்சிரைப்பு இருந்த இடம் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் நல்ல உறைபனி. ரொவீனா சொல்லி வரவழைத்த கவுன்சில் அதிகாரி அம்மாள் பூட்டிய வீட்டின் முன்னால் நின்றார். சிமெண்ட் மொத்தத்தையும் உடைத்து எடுக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவர் வாயிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. ரொவீனாவின் வாயிலிருந்தும் வந்தது.

"முடியாது!" கிளைவ் கத்தினான். "சாவியும் தர மாட்டேன். என் வீடு, என் சுவர்! இன்னொரு கை கூடப் பூசுவேன், நீங்க யாரு கேக்க?"

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.

ரொவீனா அவன் உதடுகளைப் பார்த்தாள். அவை நீலம் பாரித்திருந்தன. அவள் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். ஆள் இல்லாத அந்த அறையின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், ஆவி படர்ந்து மெல்ல மறைந்தது.

"கிளைவ்," என்றாள். "வாயை மூடுடா. பேசாதே. சாவியை மட்டும் கொடு."

"எதுக்கு மூடணும்?" என்று அவன் இன்னும் உரக்கக் கத்தினான்.

மேலே கண்ணாடி முழுவதும் வெளுத்தது.