ஈசானிய மூலையில் ஓர் உருளி

அபிதகுஜாம்பாள் என்று முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பேச வந்த விஷயமே மறந்துவிடும் என்பதால், இரும்புலியூர் முழுக்க அவருக்கு அபிதா மேடம்தான். அரசு ஆய்வகத்தில் கிருமிகளோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். மருத்துவமனைகளோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் அவரைத் தேடி வருவார்கள். யார் வந்தாலும் காபியைக் கொடுத்துவிட்டு நிதானமாக விசாரிப்பார். அந்த வீட்டில் கோபத்தை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் தினகரன். பத்திரிகை வேலையை உதறிவிட்டு அவருக்கு உதவியாக அலைகிறவன்.

அன்று காலை வந்தவர் முடிச்சூர் ஜெயவேலு. பூர்வீக நிலத்தை மனை போட்டு விற்றபின் செங்கல், மணல் வியாபாரம். ஆள் ஆஜானுபாகு, ஆனால் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"எம்பொண்ணு தேவதர்ஷினி, மேடம். காலேஜ் படிக்குது. ரத்தத்துல கேன்சர். அவ தம்பிகிட்டேர்ந்து ஸ்டெம் செல் எடுத்து ஏத்துனாங்க. நல்லா தேறி வந்துகினு இருந்தா. வாராவாரம் அங்கயே செக்கப். போன வாரம் திடீர்னு காய்ச்சல், மூச்சு வாங்குது. நிமோனியாவாம். இன்னாமோ தண்ணில இருக்கற கிருமியாம்." அவர் குரல் இறங்கியது. "எங்க வூட்டுத் தண்ணி அழுக்காம். என் சம்சாரம்தான் சுத்தபத்தம் பாக்காம நோவக் குடுத்துட்டான்னு பெரிய டாக்டரு பொண்ணு எதுருலயே சொல்லிட்டாரு. இப்ப அது, 'அம்மாவ உள்ள விடாதீங்க'ங்குது. கிளியம்மா வார்டு வாசல்லயே குந்திகினு கீது. ஒரு வாய் சோறு எறங்கல."

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார் அபிதா.

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? படிச்சவங்க சொல்றாங்க..."

தினகரனுக்குச் சுரீரென்றது. நோயாளிப் பெண்ணைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவளை, பெற்ற பெண்ணுக்கும் கட்டிய கணவனுக்கும் முன்னால் ஒருவர் குற்றவாளியாக்கிவிட்டுப் போவாராம். இவர் தலையாட்டிக்கொண்டு வருவாராம்.

முடிச்சூர் வீட்டின் குளியலறையில் ஓர் அண்டா, ஒரு வாளி, ஒரு செம்பு இருந்தன. அண்டாவில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, வெள்ளைத்துணி போட்டு மூடியிருந்தார்கள். தரையில் வழுக்கல் இல்லை, மூலையில் பாசி இல்லை.

"ஷவர் உண்டா? ஏர் கூலர்?" என்று கேட்டார் அபிதா.

"அதெல்லாம் நாங்க வெக்கல மேடம். செம்புல மொண்டு ஊத்தறதுதான்."

அபிதா அதற்கு மேல் அங்கே எதையும் பார்க்கவில்லை.

அதே மருத்துவமனையில் சிகிச்சை பெறும் இன்னொருவரும் முந்தைய மாதம் இதே காய்ச்சலில் விழுந்து பிழைத்ததைத் தினகரன் விசாரித்துக் கண்டுபிடித்தான். மேடவாக்கம் அடுக்குமாடியில் வசிக்கும் பட்டாபிராமன், ஓய்வு பெற்ற கணக்காசிரியர். முகமூடியோடு பால்கனியில் உட்கார்ந்து பேசினார்.

"எனக்கும் அதே வசனம்தான் மேடம். உங்க டேங்கர் வாட்டர்தான் காரணம்னார். நானும் நம்பிட்டேன்."

"செக்கப்புக்குப் போனால் எங்க உட்காருவீங்க?"

"ஹால்ல அந்த மூலை சீட்தான். ஏசி காத்து நேரா மூஞ்சில அடிக்கற இடத்துல உட்காரக் கூடாதுன்னு என் ஒய்ஃப் ரொம்ப ஸ்ட்ரிக்ட். அங்க ஏசி கிடையாது. ஆனாலும் ஜில்லுனு இருக்கும்."

வெளியே வந்ததும் தினகரன் துள்ளினான். "மேடம், டேங்கர்தான்! ரெண்டு வீட்டுக்கும் ஒரே லாரி வருதோ என்னவோ!"

"ஜெயவேலு வீட்டில் கிணறு, தினா. நீயும்தானே எட்டிப் பார்த்தே?"

அவன் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினான்.

மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்து நின்றது. காத்திருப்புக் கூடத்தில் பளிங்கு மினுக்கியது. பட்டாபிராமன் சொன்ன மூலையில் பெரிய பித்தளை உருளி. அதில் தண்ணீர், மேலே அன்று காலை பறித்த செவ்வந்தியும் ரோஜாவும். அருகில் ஒரு நீள இருக்கை.

"தினா, வடக்கு எந்தப் பக்கம்?"

தினகரன் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்த மூலை வடகிழக்கு, மேடம். எதுக்கு?"

அபிதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருப்பவரின் தோள் உயரத்துக்குச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளிகள் படிந்திருந்தன. இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பட்ட இடமெல்லாம் அப்படித்தான் ஆகும். அவருடைய கைக்குட்டை நழுவி உருளிக்குப் பின்னால் விழுந்தது. குனிந்தவர் எழ நேரமாயிற்று. எழுந்தபோது ஒரு சின்னக் குப்பி அவர் கைப்பைக்குள் போனது.

இரண்டு நாள் கழித்து, ஜெயவேலு சொன்ன அந்தப் பெரிய டாக்டர், இயக்குநர் ஷ்யாம்சுந்தரின் அறையில் எல்லாரும் கூடினார்கள். வார்டு வாசலிலிருந்து அழைத்து வரப்பட்ட கிளியம்மாள் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஓயாமல் சோப்புப் போட்டுக் கழுவி அவள் கைகள் வெடித்திருந்தன.

"மேடம், ஐ ஹேவ் ஃபைவ் மினிட்ஸ்," என்றார் இயக்குநர்.

"போதும்," என்றார் அபிதா. "இந்தப் பெண்ணுக்கு வந்தது லெஜியோனெல்லா. ஆள் விட்டு ஆள் தொற்றாது. தண்ணீர் பூந்தூறலாகத் தெறிக்கும்போது மூச்சோடு உள்ளே போகும். நமக்கு வந்தால் பெரும்பாலும் உடம்பு சமாளித்துவிடும். ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்டவருக்குக் கைக்குழந்தை அளவுக்குக்கூட எதிர்ப்புச் சக்தி இருக்காது. அந்த வீட்டில் தெறிக்கிற தண்ணீரே இல்லை. செம்பில் மொண்டு ஊற்றுகிறார்கள், அதுவும் கொதிக்க வைத்தது. இன்னொரு நோயாளிக்கு டேங்கர் தண்ணீர். இரண்டு பேருக்கும் பொதுவானது உங்கள் கூடம் மட்டும்தான்."

"அங்க தண்ணியே கிடையாதே? ஒரு உருளிதான்."

"உருளித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. தோள் உயரச் சுவரில் உப்பு எப்படி வந்தது? ஏசி இல்லாத மூலை எப்படி ஜில்லென்று இருந்தது? ஈசானிய மூலையில் ஓடும் தண்ணீர் வைத்தால் ஓஹோவென்று வரலாம் என்று வாஸ்து பார்ப்பவர் சொல்லியிருப்பார்." அபிதா கிளியம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, அந்த இடத்தில் முன்னாடி என்ன இருந்தது?"

"லட்சுமி செல, மேடம். கொடத்துலேர்ந்து தண்ணி கொட்டிகினே இருக்கும். பாப்பாவ நான்தான் அங்க குந்த வெப்பேன். மகாலட்சுமி பக்கத்துல இருந்தா நல்லது நடக்கும்னு..." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாப்பாவ அட்மிட் பண்ண மறுநாளு பாத்தா செலயக் காணோம். தாயாரே எங்கள வுட்டுப் போயிட்டாங்கன்னு அழுதேன்."

"தாயார் போகவில்லை. இவர்தான் கழற்றி ஒளித்துவிட்டு உருளியை வைத்தார். ஆனால் உருளிக்குப் பின்னால் சுவரில் குழாயின் முனை இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் பஞ்சைத் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதே கிருமி."

ஷ்யாம்சுந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ... இவங்கதானே குழந்தைய அங்க உட்கார வெச்சிருக்காங்க?"

தினகரன் பாய எழுந்துவிட்டான். அவன் வாய் திறப்பதற்குள் அபிதாவின் குரல் உயர்ந்தது. இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதேயில்லை.

"வெட்கமாக இல்லை? சிலையை வைத்தது நீங்கள். அதைக் கழுவாமல் விட்டது நீங்கள். முதல் நோயாளி விழுந்தபோது தெரியவில்லை என்றால், போகட்டும், அறியாமை. இந்தப் பெண் விழுந்த மறுநாளே கழற்றினீர்களே, அப்போது தெரிந்துதானே கழற்றினீர்கள்? கழற்றிய கையோடு பெற்றவளைக் கைகாட்டினீர்கள். சுகாதாரத் துறைக்குக் காலையிலேயே எல்லாம் போய்விட்டது."

இயக்குநரின் முகம் வெளிறியது. "மேடம், பேசித் தீர்த்துக்கலாம். இந்தம்மாவுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் தரேன். எவ்வளவு நேரம் வேணா உள்ள இருக்கட்டும்."

"பர்மிஷனா?" கிளியம்மாள் நிமிர்ந்தாள். "எம்பொண்ணப் பாக்க நீ இன்னாய்யா பர்மிஷன் குடுக்கறது? அன்னிக்கு அது எதுருல நின்னு சொன்னியே, அதே எதுருல வந்து நின்னு சொல்லு."

போனார்கள். வார்டு அறைக்குள் தேவதர்ஷினி ஆக்சிஜன் முகமூடியோடு சாய்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. கதவருகே நின்று ஷ்யாம்சுந்தர் ஆரம்பித்தார். "ஆக்சுவலி, தேர் வாஸ் எ ஸ்மால் கன்டாமினேஷன் இஷ்யூ..."

"தமிள்ல சொல்லு," என்றாள் கிளியம்மாள்.

அவர் தரையைப் பார்த்தார். "உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்லம்மா. கிருமி எங்க தண்ணியிலதான் இருந்தது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

பெண் முகமூடியை விரலால் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.

"அம்மா, நீ உள்ள வா. இவர வெளிய போகச் சொல்லு."

கிளியம்மாள் கைகளில் கிருமிநாசினி தடவி, முகமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அவள் பின்னாலேயே ஜெயவேலுவும் காலெடுத்து வைத்தார். அவள் திரும்பினாள்.

"நீயும் செத்த நேரம் வெளியவே இரு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.