ஆர்க்கிட் தண்டில் ஒரு கூந்தல் கிளிப்

மரக்காணத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆஸிஃபாவுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பின்னால் அண்ணன் பக்கீர் முஹம்மது நின்றுகொண்டிருந்தார். கோட்டக்குப்பத்திலிருந்து காரை ஓட்டி வந்த வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் கத்தினால் சமாளித்துவிடலாம். பேசாமல் இருந்தால்தான் பயம்.

வீட்டுக்கார அம்மாள் அருள்மேரி, சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். காணாமல் போனவர்களைத் தேடும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதால், ஸ்டேஷனுக்குப் போகத் தயங்குகிறவர்கள் இன்றும் அவரைத் தேடி வந்தார்கள். பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் சாலமனோ, வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டதுமே கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லும்மா. யாரைக் காணோம்?" என்றார் அருள்மேரி.

"காணோம்னு இல்லைங்க மேடம்." ஆஸிஃபா கையிலிருந்த செல்போனை இறுகப் பிடித்தாள். "தினமும் பேசறாரு. தினமும் போட்டோ அனுப்பறாரு. ஆனா ஆளு எங்கியோ தொலஞ்சு போயிட்ட மாதிரி இருக்குது."

"அவ சொல்ல மாட்டா, நான் சொல்றேன்," என்று பக்கீர் முஹம்மது குறுக்கிட்டார். "இவ வூட்டுக்காரன் முஹ்சின் ஷார்ஜாவுல வேலை பாக்கறான். அங்க எவளையோ சேர்த்துக்கிட்டான். வர்ற வெள்ளிக்கிழமை ஜமாத்துல பேசி இவள பிரிச்சுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ உங்ககிட்ட வரணும்னு இவதான் அழுதா."

"சேர்த்துக்கிட்டார்னு எப்படித் தெரியும்?"

அவர் தங்கையின் செல்போனை வாங்கி ஒரு படத்தை எடுத்து நீட்டினார். சாலமன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஒரு தொட்டியில் ஆர்க்கிட் செடி. வளைந்த தண்டில் ஊதா நரம்போடிய வெள்ளைப் பூக்கள், நுனியில் இன்னும் விரியாத மொக்குகள். பாரம் தாங்காமல் தண்டு சாயாதபடி ஒரு குச்சியோடு சேர்த்துக் கிளிப் மாட்டியிருந்தது. பெண்கள் தலையில் மாட்டும் ரோஸ் நிறப் பட்டாம்பூச்சிக் கிளிப்.

"ஆம்பளைங்க மட்டும் தங்கற கேம்ப்பு அது. அங்க இது எப்படி வந்துச்சு?" என்றார் பக்கீர் முஹம்மது.

சாலமன் உச்சுக்கொட்டினான். "மேடம், கேஸு இதோட முடிஞ்சுது."

அருள்மேரி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்தச் செடியைப் பத்திச் சொல்லும்மா," என்றார் ஆஸிஃபாவிடம்.

செடியைப் பற்றி யாரும் இதுவரை கேட்டதில்லை. அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆஸிஃபாவுக்குக் குரல் கொஞ்சம் நிலைக்கு வந்தது. மொட்டை மாடியில் பச்சை வலைப் பந்தல் போட்டு அவள் ஆர்க்கிட் வளர்க்கிறாள். மண் வேண்டாம், தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போதும். வெயில் நேராகப் படக்கூடாது, வேர் காற்றாட இருக்க வேண்டும், முக்கியமாகத் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்துத்தான் ஊற்றுவாள். முதல்முதலாக அவள் வாங்கிய செடியில், பூத்து முடிந்த தண்டிலேயே ஒரு குட்டிச் செடி முளைத்தது. முஹ்சின் கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியபோது அதைத் துணியில் சுற்றி அவன் பெட்டியில் வைத்து அனுப்பினாள்.

"தாயும் குட்டியும். இங்க ஒன்னு, அங்க ஒன்னு," என்றாள். "காலையில எழுந்ததும் அவரு அத போட்டோ எடுத்து அனுப்புவாரு, நான் இத எடுத்து அனுப்புவேன். நாங்க சண்ட போட்டிருந்தாகூட அது நிக்காது."

"எப்ப மாறிச்சு?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி. திடீர்னு வீடியோ கால் நின்னுடுச்சு. கேமரா ஒடஞ்சுடுச்சுன்னாரு. போட்டோ எடுக்கற கேமராதானே வீடியோவுக்கும்னு கேட்டா, முன்னாடி இருக்கறது ஒடஞ்சுடுச்சுங்கறாரு. அர்ஷியா, எங்க பொண்ணு, நாலு வயசு. அத்தா மூஞ்சியக் காட்டுன்னு அழறா. கேட்டதும் கட் பண்ணிடறாரு." அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "கூட தங்கியிருந்த அஃப்னானுக்குப் போன் போட்டேன். வேற கேம்ப்புக்கு மாறிட்டாருன்னான். எந்தக் கேம்ப்புன்னு கேட்டா, தெரியாதுங்கறான். அப்புறம் பிரிட்டோ அண்ணனுக்குப் போட்டேன். இவரோட ஒரே கம்பெனியில இருந்தவரு. போன வருஷம் ஊரோட வந்துட்டாரு, அனுமந்தையில போட் வெச்சிருக்காரு."

"அவர் என்ன சொன்னார்? சொன்ன மாதிரியே சொல்லு."

"'அவனுக்கென்ன தங்கச்சி, இங்க ஒரு கொறயும் இல்ல, நல்லா சாப்பிடறான், நல்லா தூங்கறான், நீ மனச போட்டுக் கொழப்பிக்காத'ன்னாரு. வலை இழுக்கணும்னு வெச்சுட்டாரு."

அருள்மேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவர் முகத்தில் எதையாவது படிக்க முடியுமா என்று ஆஸிஃபா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"சாலமன், இது எங்க எடுத்த படம்னு பார்க்க முடியுமா?"

"முடியாது மேடம். வாட்ஸப்புல வந்தா அந்த விவரமெல்லாம் போயிடும். நம்பர் ஷார்ஜா நம்பருதான். ஆனா வைஃபை இருந்தா இந்த நம்பர வெச்சுக்கிட்டு எங்க இருந்து வேணா பேசலாம்." சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே உறைத்ததுபோல அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"முன்னாடி வந்த படத்துல எல்லாம் ஜன்னல், கட்டில், காலண்டர் தெரியுது. மழைக்காலத்துலேர்ந்து எல்லாத்துலயும் செடிக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணி," என்றார் அருள்மேரி. "ஏன்மா?"

"பூ எடுப்பா தெரியும்னு கட்டினதா சொன்னாரு."

"இலை நுனி ஏன் தீஞ்சிருக்கு?"

"உப்புத் தண்ணி பட்டா அப்படித்தான் ஆகும். தொட்டி விளிம்புல பாருங்க, வெள்ளையா பூத்திருக்குது. சரியா பாத்துக்கறதில்லன்னு திட்டினேன்." ஆஸிஃபா தயங்கினாள். "அதுதான் புரியல மேடம். அங்க குழாய்த் தண்ணியே அவ்வளவு சுத்தம், செடிக்கு ரொம்பப் புடிக்குதுன்னு அவரே பெருமையா சொல்லுவாரு."

"உன் செடி எப்ப பூக்கும்?"

"பிப்ரவரி. ராத்திரி கொஞ்சம் குளிர்ந்தாதான் தண்டு விடும். விட்டு மூணு மாசம் கழிச்சுப் பூக்கும். அவரோடது அக்டோபர்லயே பூத்துடும், கோடை முழுக்க ஏசி ஓடுதில்ல. இந்தத் தடவ விட்ட மொக்கு உதிர்ந்து போச்சு, அக்டோபர்ல பூக்கல. இப்பதான் பூத்திருக்குது. என்னோடதும் அவரோடதும் ஒரே வாரத்துல..."

அவள் பேச்சை நிறுத்தினாள்.

"அங்கயும் டிசம்பர்ல குளிருமே மேடம்," என்றான் சாலமன்.

"குளிரும். அதனால பூவை மட்டும் வெச்சு நான் முடிவு பண்ணல." அருள்மேரி கண்ணாடியைக் கழற்றினார். "பாய், நீங்க அந்தக் கிளிப்பைப் பாத்தீங்க. நான் துணியைப் பாத்தேன். ஒரு பொம்பளைய மறைக்கணும்னு நெனைக்கறவன் கிளிப்பை எடுத்துட்டுப் படம் புடிப்பான். இவர் அத மறைக்கணும்னே நெனைக்கல. அவர் மனசுல அப்படி ஒரு தப்பு இல்ல. ஆனா பின்னாடி இருக்கற சுவர மறைக்கறார். அப்ப அவர் மறைக்கறது ஆளை இல்ல, இடத்தை."

பக்கீர் முஹம்மது செல்போனை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தார்.

"எந்த இடம்? தண்ணி உப்பா இருக்கற இடம். உங்க வீட்டு மாடியில அடிக்கற அதே குளிர் அடிக்கற இடம். ஒரு பொம்பளை இருக்கற வீடு, கிளிப்பு அவங்களோடது. இன்னும் ஒன்னு பாக்கி. ஷார்ஜாவுல இருக்கறவரைப் பத்திப் பேசறப்ப பிரிட்டோ 'அங்க ஒரு கொறயும் இல்ல'ன்னு சொல்லணும். 'இங்க'ன்னு சொல்லிட்டார். நல்லா சாப்பிடறான், தூங்கறான்னு வேற சொல்றார். பக்கத்துல இருந்து பாக்கறவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க."

"அனுமந்தை!" என்று சாலமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஆஸிஃபா மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். மூன்று மாதம். அதற்கும் மேலே. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு, ஷார்ஜாவில் மணி என்ன என்று அவள் கேட்டபோதெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறான்.

"ஏன் மேடம்?" என்றாள் ஆஸிஃபா. "என்னப் புடிக்கலையா?"

"புடிக்காதவர் தினமும் பூவை அனுப்ப மாட்டார்மா. குரலை அவர் மறைக்கல. இடத்தையும் முகத்தையும்தான் மறைக்கறார்." அருள்மேரி சற்று நிறுத்தினார். "முகத்தை எதுக்கு மறைக்கறார்னு எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. தப்பா இருந்தா நல்லதுதான். நீ தைரியமா வரணும்."

எல்லோரும் காரில் ஏறினார்கள். சாலையின் இருபுறமும் உப்பு அம்பாரங்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. காலையில் இதே வழியாகத்தான் வந்தாள். அனுமந்தை பஸ் நிறுத்தத்தில் அண்ணன் தண்ணீர் பாட்டில் வாங்க வண்டியை நிறுத்தியிருந்தார். அப்போது முஹ்சின் எங்கே இருந்திருப்பான்? இந்தப் பக்கத்துத் தெருவிலா? நோயாக இருக்குமோ? நடக்க முடியாமல் கிடக்கிறானோ? ஓதத் தெரிந்ததையெல்லாம் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். பாதியில் வரிகள் மறந்து மறந்து போயின.

பிரிட்டோ வாசலிலேயே உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தான். காரிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் எழுந்தான். பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை.

"சத்தியம் வாங்கிட்டான் தங்கச்சி," என்றான். "நான் என்ன பண்ணட்டும்? பின்னாடி ரூம்ல இருக்கான்."

சாலமன் உள்ளே பாயப் பார்த்தான். அருள்மேரி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பக்கீர் முஹம்மதும் காரருகிலேயே நின்றுவிட்டார். ஆஸிஃபா மட்டும் உள்ளே போனாள்.

முஹ்சின் ஜன்னலோரமாகச் செடிக்கு முன் குனிந்து உட்கார்ந்திருந்தான். கொலுசுச் சத்தத்தைக் கேட்டுப் பிரிட்டோவின் மனைவி என்று நினைத்தானோ என்னவோ, திரும்பாமலே, "வெச்சுட்டுப் போங்க அக்கா," என்றான்.

"என்னங்க."

அவன் பக்கத்தில் கிடந்த துண்டைச் சட்டென்று எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

"போ ஆஸிஃபா. யாரு கூட்டிட்டு வந்தது? போயிடு."

அவள் எதிரில் போய் உட்கார்ந்து துண்டைப் பிடித்தாள். அவன் விடவில்லை. அவளும் விடவில்லை. கடைசியில் அவன் கைதான் தளர்ந்தது. இடப்பக்கம் நெற்றியிலிருந்து தாடைவரை தோல் மெழுகு உருகி இறுகியதுபோல இருந்தது. இமை பாதி மூடியபடியே ஒட்டியிருந்தது.

கம்பெனியில் கெமிக்கல் டிரம் வெடித்ததை, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்தவர்கள் செடியைப் படம் எடுத்துத் தந்ததை, ஊருக்கு அனுப்பிவைத்ததை, பாண்டிச்சேரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்ததை, எல்லாவற்றையும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இன்னும் ஒரு ஆபரேஷன் இருக்குது. அது முடிஞ்சா பாக்கற மாதிரி ஆயிடும்னாங்க. அப்புறம் வரலாம்னு இருந்தேன்."

"யாரு பாக்கற மாதிரி?" என்றாள் ஆஸிஃபா. "நான் பாக்கற மாதிரியா? அண்ணன் வெள்ளிக்கிழமை என்னப் பிரிச்சு வெக்கறதுக்கு நாள் குறிச்சிட்டாரு, தெரியுமா உங்களுக்கு? எவளோடயோ இருக்கீங்கன்னு நெனச்சு நான் எத்தன நாள் சோறு எறங்காம இருந்தேன்னு தெரியுமா?"

அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "எவளோடயோவா? எதுக்கு அப்படி நெனச்ச?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்லாமல் அந்த ஒட்டிய இமையின்மேல் விரலை வைத்தாள். "வலிக்குதா?"

"இல்ல. அங்க ஒன்னும் தெரியாது. மரத்துப் போச்சு." பிறகு மெதுவாகக் கேட்டான்: "அர்ஷியா?"

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க, வூட்டுக்குப் போலாம்," என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்தபோது பக்கீர் முஹம்மது அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தார். பிறகு வேகமாக வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அருள்மேரி சாலமனை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டிருந்தார். ஆஸிஃபா நன்றி சொல்ல ஓடினாள். "பொண்ண அவசரப்படுத்தாத," என்று மட்டும் சொல்லி அனுப்பினார் அவர்.

அது சரியாகத்தான் இருந்தது. அர்ஷியா அத்தாவைப் பார்த்ததும் வீறிட்டாள். கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அன்று இரவு அவன் அழுததை ஆஸிஃபா கேட்டும் கேட்காததுபோலப் படுத்திருந்தாள். பிறகு குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக அறை வாசல்வரை வந்தாள். சாப்பிடும்போது அவனுக்கு வலப்பக்கத்தில், காயமில்லாத பக்கத்தில், சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். தினமும் அதே இடம். முஹ்சின் தலையை அசைக்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

நோன்பு தொடங்கிய வாரத்தில் ஒரு மாலை, வீடு நிறைய விருந்தாளிகள். வலப்பக்கத்தில் மாமி ஒருத்தி உட்கார்ந்துவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த அர்ஷியா ஒரு கணம் நின்றாள். குழந்தை சுற்றி வந்து இடப்பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நகருங்க அத்தா," என்றாள். "கஞ்சி கொட்டிடும்."