மாடியில்லாத ஊரில் பதினேழு படிகள்

இசிக்குல் ஏரியில் மழை இறங்கிய நேரம்... எலும்பு முறிவுப் பிரிவின் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். கையில் ஏழு வயது அய்தாய். பின்னாலேயே அழுதபடி அவள் அம்மா ரஹத்.

டாக்டர் பெர்மெத்தின் பார்வை நேராகச் சிறுமியின் கைக்குப் போனது. ஐஸ்கிரீம் பெட்டி அட்டையை மடித்து, சால்வையால் அசையாமல் கட்டியிருந்தது. விரல் நுனிகளைத் தொட்டாள். சூடு இருந்தது. நிறமும் மாறவில்லை.

"யார் கட்டினது?"

"நான்தான். கூட இருந்தவங்க நீவி இழுத்துவிடலாம்னாங்க. நான் தொடவே விடல," என்றான் தூக்கி வந்தவன்.

பரவாயில்லையே... என்று நினைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். "எப்படி அடிபட்டுச்சு?"

"வீட்டு மாடிப்படியில விழுந்துட்டா," ரஹத் முந்திக்கொண்டாள்.

பெர்மெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த ஊர்ல மாடி வீடே மூணுதான்! இந்தக் கோடையில பதினாறு பிள்ளைங்க படியில விழுந்தாச்சு. இவ பதினேழா?"

எல்லாம் ஏரிக்கரையில் பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் டிராம்போலின்களின் வேலை என்று ஊருக்கே தெரியும். ஆனால் கடைக்காரன் யாரோ ஒருத்தருக்கு மச்சானாகவோ மருமகனாகவோ இருப்பான். காட்டிக்கொடுக்க மனசு வராது. பாதுகாப்பு விதி வேண்டும் என்று கேட்டு பெர்மெத் நகராட்சிக்கு இரண்டு முறை நடந்தாள். உங்க பதிவேட்டுலயே படின்னுதானே இருக்கு என்று சிரித்து அனுப்பினார்கள்.

"படி இல்ல," என்றான் அவன். "என் டிராம்போலின். அஞ்சு பேர் ஒண்ணா குதிச்சாங்க. நான் கவனிக்காம ஃபோன்ல இருந்தேன். அப்படியே எழுதுங்க."

"தாலாய், பைத்தியமா உனக்கு? கடையை மூடிருவாங்கடா!"

"மூடட்டும் எஜே," என்றான், ரஹத்தை அக்கா முறை வைத்து.

பெர்மெத் நிமிர்ந்தாள். மழையில் ஒட்டிய இமைகள்... அதற்குள்ளே தப்பிக்கப் பார்க்காத இரண்டு கண்கள். எழுத வேண்டிய பேனா ஒரு நொடி நின்றுவிட்டது.

எழுதினாள். அவன் கையெழுத்துப் போட்டான். மறுநாளே நகராட்சி ஆட்கள் அவன் கடைக்குச் சீல் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் கரைக்குப் போனாள். "நான் வேணா அதிகாரிகிட்ட பேசட்டுமா?"

"பரிதாபமா? வேண்டாம் டாக்டர். உங்க வேலையைப் பாருங்க."

"திமிர்!"

விறுவிறுவென்று திரும்பிவிட்டாள். வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. அவன்மேல் கோபமா... அவனை நினைத்தா?

அடுத்த திங்களன்று ஆஸ்பத்திரி வாசலில் வரிசை. முன்னால் ரஹத். "தப்பு பண்ணவனே உண்மையைச் சொல்லிட்டான், நமக்கென்ன கேடுன்னு வீடு வீடாப் போய்க் கேட்டேன். மாத்தி எழுதுங்க டாக்டர்." பதினாறு அம்மாக்களும் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள்களைக் கொண்டுபோய் நகராட்சி மேசையில் வைத்தாள். ஒரு நேரத்தில் ஒருவர், சுற்றிலும் வலை, ஸ்பிரிங் மேல் மெத்தை, பக்கத்தில் கண்காணிக்கப் பெரியவர்... அத்தனையும் விதியானது. பெர்மெத் ஜெயித்துவிட்டாள்!

சீல் அகற்றியதும், புது விதிப்படி கரையில் முதலில் தயாரானது தாலாயின் டிராம்போலின். சோதிக்க அவளேதான் வந்தாள். மெத்தையை அழுத்தினாள், வலையை இழுத்தாள்.

"அன்னிக்கு விரட்டிட்டேன்..." அவன் தரையைப் பார்த்தான். "உங்க முன்னாடி தோத்தவனா நிக்கப் பிடிக்கல."

"தோத்தீங்களா? நான் ஜெயிச்சதே உங்களாலதான்."

"அப்போ பாஸா?"

"குதிச்சாத்தான் தெரியும்." செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். அவனும் காலைத் தூக்கினான்.

"ஒருத்தர்தான்! விதி தெரியாதா?"

குதித்தாள். ஏரியும் பனிமலையும் எழும்பி எழும்பி இறங்கின. "தாலாய்... எனக்கு... உங்களை..."

"இறங்கி வந்து சொல்லுங்க!"

"இறங்கினா... தைரியம் போயிடும்! உங்களை... ரொம்பப்... பிடிச்சிருக்கு!"

கரை முழுக்கக் கேட்டது. பிள்ளைகளோடு வந்திருந்த அம்மாக்கள் கைதட்டினார்கள். தாலாயின் காதுமடல் சிவந்தது.

"எனக்கு அன்னிக்கே பிடிச்சுது... அந்தப் பேனா நின்னப்பவே," என்றான், அவளை இறக்கிவிடக் கைநீட்டி.

கட்டுப் போட்ட கையோடு அய்தாய் ஓடிவந்தாள். "டாக்டர் எஜே, நீங்க இவர்கிட்ட எப்படி விழுந்தீங்கன்னு யாராவது கேட்டா, மாடிப்படியிலன்னு சொல்லட்டுமா?"

பெர்மெத் அவன் கையை விடாமலே சிரித்தாள். "வேண்டாம் கண்ணு. நடந்ததை நடந்தபடியே சொல்லு."