சூடு ஆறாத பொட்டலம்

பொட்டலம் சூடாக இருந்தது. காட்டிலிருந்து வரும் புலி எச்சம் காய்ந்து உதிரும் நிலையில் வருவதுதான் வழக்கம். இதுவோ கையுறையைத் தாண்டிச் சுட்டது. நாற்றம் வேறு, பதினோரு வருஷமாக இதே வேலையில் கிடப்பவளுக்கே புதிது.

சீட்டில் கணவனின் கையெழுத்து. காட்டில் மிஞ்சியிருந்த ஒரே புலியின் பின்னால் அலைந்து எச்சம் பொறுக்குவது அவன் பிழைப்பு. அதைச் சல்லடையில் அலசி, உள்ளே கிடக்கும் மயிரைப் பார்த்து, புலி எதைத் தின்றது என்று எழுதுவது அவள் பிழைப்பு. நல்ல ஜோடிப் பொருத்தம் என்று ஆய்வுக்கூடமே கேலி செய்யும். ஆனால் அவன் காட்டிலிருந்து திரும்பி, காய்ச்சல் என்று வீட்டில் படுத்து மூன்று நாளாகிறதே!

“உங்க வீட்டு சார்தான் காலைல குடுத்துட்டுப் போனாரும்மா,” என்றார் காவலாளி. “உள்ள கூப்பிட்டேன், வரல. வாசல் மரத்தையே மோந்து பாத்துட்டு நின்னாரு.”

பொட்டலத்தைச் சல்லடையில் கொட்டிக் குழாயைத் திறந்தாள். கறுப்புக் கூழும் சளியும் வழிந்தோட, சல்லடையில் மயிர் நின்றது. ஆரஞ்சு. கறுப்பு. புலி தன் உடம்பை நக்கும். அதனால் எந்த எச்சத்திலும் அதன் சொந்த மயிர் நாலைந்து இருக்கும், மீதியெல்லாம் இரையின் மயிர். இங்கே புலி மயிர் நாலைந்து இல்லை. கொத்துக் கொத்தாக, தோலோடு. கூடவே ஒரு வளைந்த நகம், சவ்வு ஒட்டியபடி. ச்சீ என்று கையை உதறினாள்.

அப்படியானால் புலியைத் தின்றதன் சொந்த மயிர் எது? தேடி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். நாலே நாலு. வேர் வெள்ளை, மேலே கறுப்புச் சாயம். போன மாதம் அவன் மீசைக்கு அவளே பூசிவிட்ட சாயம்.

போன் செய்தாள்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“மூணு நாளா பசியே இல்ல. இப்பதான் லேசா எடுக்குது. நீ வந்துடு.”

சல்லடையை அப்படியே தொட்டியில் போட்டாள். எங்காவது ஓடிவிடலாம்தான். ஆனாலும் இருபத்தொரு வயதில் கட்டிக்கொண்டு பதினேழு வருஷம் கூட வாழ்ந்தவன். காய்ச்சல் வேகத்தில் புத்தி பேதலித்திருக்கும், ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனால் மீட்டுவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. போனாள்.

நடுப்பகல். வீட்டுக் கதவு நிலையில், அவள் தலைக்கு மேலே, நீள நீளமாய்க் கீறல்கள். கால்மிதி பிறாண்டப்பட்டுச் சிதறிக் கிடந்தது. உள்ளே வெந்த சோற்றின் வாசனை. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. சுவரெல்லாம் ஈரம். எல்லை குறிக்கப் பீய்ச்சும் புலி மூத்திரம் இப்படித்தான் மணக்கும் என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

மேஜையில் ஒரு காலிப் பொட்டலம். சீட்டு தயாராக ஒட்டியிருந்தது. நாளைய தேதி. அவள் மட்டுமே நிரப்பும் ‘இரை’ என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து.

பெண். வயது முப்பத்தெட்டு.

“என்னங்க…”

எதிரே யாரும் இல்லை. புலி முகத்துக்கு நேராக வராது. அதையும் அவன்தான் சொன்னான்.

பிடரியில் சூடான மூச்சு. பிறகு நாக்கு. சொரசொரவென்று, மெதுவாக, மயிரை ஒதுக்கி.