குபாத் வீட்டில் காணாமல் போன இடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பிஷ்கெக் நகரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், இடி காணாமல் போனது தெரியவந்தது.

வானத்து இடி அல்ல. குபாத்தின் சோபாவுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும் சப்வூஃபரின் இடி. பேரனின் தொட்டில் விருந்துக்கு வருகிறவர்களை அசத்தலாம் என்று தன் போர்ப்பட டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். திரையில் பீரங்கி வண்டி உருண்டு வந்தது. தரை அதிரவில்லை. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

குற்றவாளி யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு சாபிர்தான். சத்தம் தாங்காதபோதெல்லாம் அறைகளுக்குச் சூடு கொண்டுவரும் குழாயில் கரண்டியால் தட்டுகிற ஆள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கொடுத்த வீட்டுச் சாவி வேறு அவனிடம் இருக்கிறது. பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்த சிநேகிதன் என்று பெரிய விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் ஆட்டுத்தலையை அவனுக்கென்றே வைத்திருந்தார். இப்போது போன் போட்டு, விருந்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகு அவர் முகமும் தொங்கிப்போனது.

இரண்டே காலுக்குத் தங்கை பெகிமாய் ஒரு கூடை போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். போலீஸ் இன்ஸ்பெக்டர், அன்று விடுமுறை. ஷூவைக் கழற்றுவதற்குள் அண்ணன் புகாரைக் கொட்டித் தீர்த்தார்.

“கொலை கேஸ்ல கூட யாரும் இப்படி அவசரப்படுத்தினதில்லண்ணே,” என்றபடி அவள் சோபாவில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. டிவிக்கும் படத்துக்கும் ஒலி கொடுக்கும் ரிசீவர் பெட்டியின் முகப்பில் டிடிஎஸ் என்று எழுத்து எரிந்தது. இடி இல்லை. பெகிமாய் டிவிக்கு மாற்றினாள். எழுத்து டால்பி என்று மாறியது. குதிரைகள் முட்டி மோதும் கோக்போரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கீழேயிருந்து குழாயில் டங் டங் என்று தட்டும் சத்தம் வந்தது.

“பாத்தியா அவன் திமிர?” என்றார் குபாத்.

பெகிமாய் டிஸ்க்குகள் எங்கே என்று கேட்டாள். அலமாரிக்குள் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பதாகவும், தன் படங்களைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடமுடியாது என்றும் அவர் பெருமையாகச் சொன்னார்.

“கடைசியா படத்துல இடி எப்ப கேட்டீங்க?”

குபாத் தலையைச் சொறிந்தார். பேரன் பிறந்த புதிதில் நன்றாகக் கேட்டதாம். பிறகு தினமும் மாலையில் படம் போடுகிறாராம். ஆனால் பாதியிலேயே கண் அசந்துவிடுகிறதாம்.

“முன்னெல்லாம் குண்டு வெடிச்சா தூக்கிப்போடும். இப்பதான் நிம்மதியா தூங்கறேன்,” என்றார், தன் வாயாலேயே சாட்சி சொல்கிறோம் என்று தெரியாமல்.

மருமகள் மீரிம் தேநீர் கொண்டுவந்து ஊற்றினாள். பெகிமாய் ரிமோட்டில் அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் பட்டனை அழுத்தினாள். டிவி ஓடும்போது பிளஸ் நாலு. படத்துக்கு மாற்றி மறுபடி அழுத்தினாள். மைனஸ் பத்து.

“கேஸ் முடிஞ்சுது. சாபிர் அண்ணன் இல்ல.”

“வேற யாரு?”

“இந்த ரிசீவர் ஒவ்வொரு ஒலி வகைக்கும் பேஸை தனித்தனியா ஞாபகம் வெச்சுக்குதுண்ணே. எது ஓடுதோ அதுக்குத்தான் குறையும். அப்போ படம் ஓடும்போதுதான் யாரோ குறைச்சிருக்காங்க. உங்களத் தவிர யாரும் படம் போட முடியாது. நீங்க போட்டுட்டு குறட்டை விட்டிருக்கீங்க. அந்த நேரம் ரூமுக்குள்ள வந்தது யாரு?”

“சாபிர்கிட்ட சாவி இருக்கே.”

“குழந்தை பிறந்து நாப்பது நாள் வெளியாள் வீட்டுக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதான். நேத்துதான் நாப்பது முடிஞ்சுது. அதுவரைக்கும் வீடு ஒரு நிமிஷம் காலியா இருந்துச்சா?”

பெகிமாய் தொட்டிலைக் காட்டினாள்.

“குற்றவாளி அங்க தூங்கறான். கையாளு தேநீர் ஊத்தறா.”

மீரிமின் காது மடல் சிவந்துபோனது. தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தாள்.

“இடி இடிக்கும்போதெல்லாம் பதறிப் பதறி எழுந்துக்கிறான் மாமா. எல்லாத்துக்கும் சேத்துதான் குறைச்சேன்னு நெனச்சேன். குதிரை ஓடும்போது மட்டும் ஏன் அதிருதுன்னு எனக்குப் புரியவே இல்ல.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெகிமாய்தான் பதில் சொன்னாள்: “மாமனார்கிட்ட சத்தத்தைக் குறைங்கன்னு நம்ம ஊர்ல எந்த மருமக சொல்லியிருக்கா?”

நாற்பது நாளாகப் பிள்ளையும் தாயும் பட்ட பாடு குபாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சிநேகிதனைச் சொன்ன வார்த்தையும் சேர்ந்து குத்தியது. ரிமோட்டை வாங்கினார். டிவியின் பேஸைப் படிப்படியாக இறக்கினார், படத்தினுடையதைக் கொஞ்சம் ஏற்றினார், இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். குதிரைக் குளம்பும் பீரங்கியும் ஒரே கனத்தில், தொலைவில் கேட்பது போல வந்தபோது நிறுத்தினார். அலமாரிக் கண்ணாடி ஆடவில்லை. தொட்டிலில் அசைவில்லை.

பிறகு ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் சாபிரைக் கூப்பிடுவது போலக் குழாயில் மூன்று தட்டு தட்டினார். கீழேயிருந்து நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு தட்டு. சற்று நேரத்தில் சாபிர், தன் நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

மூன்று மணிக்கு விருந்து. ஆட்டுத்தலை சாபிர் முன்னால் வைக்கப்பட்டது. அதன் காதை அறுத்து, சொன்ன பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று வீட்டின் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். சாபிர் காதை அறுத்தார். தொட்டிலைப் பார்த்தார். குபாத்தைப் பார்த்தார்.

“அவனுக்கு இன்னும் பல்லு வரல. இது உனக்குத்தான்டா,” என்று நீட்டினார்.

குபாத் மறுபேச்சில்லாமல் வாங்கி வாயில் போட்டு மென்றார்.