எண்ணெய்த் துளிக்குள் ஒரு ஜன்னல்

மதியச் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவத் தோன்றாமல் எட்னா நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, எதிர்வீட்டு மாரீன் வந்து கேமராவை மேசைமேல் வைத்தாள்.

"எட்னா, இதுல நான் எடுக்காத படமெல்லாம் இருக்கு. இல்ல, எடுத்துட்டு மறந்துடறேனோ என்னவோ..."

மாரீனின் அம்மா கடைசியில் தன் பெயரையே மறந்தவள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் அந்தத் தெருவுக்கே அது தெரியும்.

"எனக்கும் அப்படின்னா கெவினை ஹோம்லதான் விடணும். நாளைக்கு டாக்டரைப் பார்க்கறேன்," என்றாள் மாரீன்.

பக்கவாதம் வந்ததிலிருந்து மாரீனின் கணவன் கெவினுக்குச் சக்கர நாற்காலிதான். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது.

எட்னா போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தம்பி டெஸ்ஸுக்குத்தான் இன்னும் ஓய்வில்லை. "மாரீன் அக்கா, உங்க வீட்டுக்கு உதவிக்கு வர்ற ஷெரில் வேலைதான் இது! அடிச்சு சொல்றேன்."

"ஷெரில் ஒரு மாசமா லீவு. படம் போன வாரத்தது," என்றாள் மாரீன்.

"அப்போ பேய்தான்."

"பேய்க்கு லென்ஸ் மாட்டத் தெரியுமாடா?" என்று எட்னா படத்தைப் பெரிதாக்கினாள். நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள், அடியில் வண்ணக் காகிதம். துளிகள் முட்டை வடிவில் இருந்தன. ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவில் ஒரு ஜன்னலின் பிம்பம், அதில் இடைவெளியில்லாமல் மூடிய கண்ணாடிப் பட்டைகள்.

மூவரும் மாரீனின் சமையலறைக்குப் போனார்கள். ஜன்னல் பட்டைகள் விரியத் திறந்திருந்தன. வெளியே மாமரத்தில் கிளிகளின் இரைச்சல். கெவின் மேசையருகே உட்கார்ந்திருந்தான். மேசையில் கண்ணாடித் தட்டு, எண்ணெய்க் குப்பி, அரிசிப் பை.

"இதையெல்லாம் எடுத்து வைக்க மாட்டியா?" என்றாள் எட்னா.

"தினமும் சாயங்காலம் இதுலதான் படம் எடுப்பேனே. ஸ்டூல்மேல ஏறி, நேர் மேலருந்து."

"ஜன்னலை எப்ப மூடுவ?"

"மூடினா வெந்துடுவோம். சாப்பாட்டுக்கப்புறம் கொஞ்சம் கண்ணசரும்போது மட்டும்தான். இந்தக் கிளிங்க தூங்க விடாதுங்க."

எட்னா அரிசிப் பையைத் தடவினாள். நடுவில் கேமரா அளவுக்குப் பள்ளம். ஓரத்தில் எண்ணெய்க் கறை.

"படத்துல ஜன்னல் மூடியிருக்கு, மாரீன். அப்ப நீ தூங்கிட்டிருந்த. மேலருந்து எடுத்தா துளி வட்டமா விழும். இது உட்கார்ந்தவாக்குல, சாய்வா எடுத்தது. ஒரு கையால எடுக்கறவருக்குத்தான் கேமராவைத் தாங்க அரிசிப் பை வேணும். உன் ஞாபகம் சரியாத்தான் இருக்கு. உனக்குத் தூக்கம்தான் பத்தல."

டெஸ் மெல்லக் கெவினைப் பார்த்தான். கெவின் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

மாரீனுக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை, கோபம். ஸ்பூன், சீப்பு, பல் துலக்கும் பிரஷ் என்று எல்லாவற்றையும் அவனுக்காகப் பிடித்துப் பிடித்து அவள் கைகள் சலித்திருந்தன. அந்த வீட்டில் விழித்திருப்பது தான் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஏன் சொல்லல? பயத்துல செத்தேனே, பாவி!"

கெவின் வெகுநேரம் வார்த்தை தேடினான். "சொன்னா... நீ... பிடிச்சுப்ப."

"ஸ்பூன் மாதிரி கேமராவையுமா?"

அவன் தலையசைத்தான்.

எட்னா தம்பியின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

அவர்கள் போனபின் மாரீன் கேமராவை அரிசிப் பையின் பள்ளத்தில் வைத்தாள். லென்ஸ் மூடியைக் கழற்றப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஜன்னல் பட்டைகளை மூடிவிட்டுப் படுக்கப் போனாள்.

தூக்கம் வரவில்லை. லென்ஸ் மூடி தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. நீண்ட நேரம் கழித்து, கேமராவின் மெல்லிய சொடுக்கு.

அதன்பிறகு அவள் தூங்கினாள்.